மங்கிய கண்ணும் மாறவேண்டிய வீடும்

ஐம்பொறிகளுள் கண் தலைமையுடையது என்பதை மறுப்பார் இலர். அதனை முற்றும் இழந்தாரைக் கண்டால் நெஞ்சம் இரங்குதலும், அவர்க்கு வழிவிட்டு உதவுதலும் நம்மவர்க்கு இயல்பாய் அமைந்துள்ளன. ஆனால், பார்வை முற்றும் போகாமலும் முழுதும் நில்லாமலும் இடைநிலையில் வாழ்வோர் ஒரு சாரார் உளர். அவர்கள் கோலூன்றி நடப்பதில்லை. பிறர் கைபற்றிச் செல்வதும் இல்லை. பார்ப்பார்க்கு நம்மைப் போன்றே தோன்றுவர். ஆயினும், தட்டிலுள்ள சோறும், படியின் விளிம்பும், எதிர்வந்து நிற்கும் பேரனின் முகமும் அவர்க்குப் பனிமூட்டத்துள் மறைந்தனபோல் ஆகிவிடுகின்றன. இத்தகையோர் எங்கோ தொலைவில் இல்லை. நம் இல்லங்களிலேயே பாட்டியாராகவும் பாட்டனாராகவும் தாயாராகவும் தந்தையாராகவும் இருந்துவருகின்றனர். அவர்க்கு நாம் செய்யக்கடவது யாது என்பதைப்பற்றி யாம் கருதுவன சிலவற்றை நம் கல்லூரி அன்பர்முன் வைக்க விரும்புகின்றோம்.

எம் கருத்தை முதற்கண்ணே சுருங்கக் கூறிவிடுவோம். கண் மங்கினார்க்காக வீட்டைத் திருத்துவதென்பது, அவரை ஓரிடத்தில் பத்திரமாக அமர்த்திவைப்பதற்காகத் திருத்துவதன்று. அவர் இதுகாறும் செய்துவந்த வேலைகளைத் தொடர்ந்து செய்தற்கேற்பத் திருத்துவதே ஆகும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை உணராமையால் அன்புடையார் பலர் அறியாமலே தீங்கு செய்துவிடுகின்றனர். யாமும் அவ்வரிசையில் நின்றவரே என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

குறைபார்வை என்பது, கண்ணாடி அணிந்த அளவில் தீர்ந்துவிடும் கிட்டப்பார்வை முதலியவற்றைக் குறிப்பதன்று. தக்க கண்ணாடி அணிந்த பின்னும், வேண்டும் சிகிச்சை செய்த பின்னும், எஞ்சி நிற்கும் குறையே அப்பெயர் பெறும். 2016-ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கண்ணின்மையையும் குறைபார்வையையும் தனித்தனியே பிரித்து இலக்கணம் கூறியிருக்கின்றது. அதன்படி, இரு கண்களுள் நல்ல கண்ணின் பார்வை, தக்க கண்ணாடியோடும் 6/18-க்கு மேற்படாமல் 3/60 வரை குறைந்திருத்தலும், பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருத்தலும் குறைபார்வையாம். எளிதிற் கூறின், நல்ல கண்ணுடையார் 18 மீட்டர் தொலைவில் நின்று அறியும் எழுத்தை, 6/18 அளவினர் 6 மீட்டர் தொலைவிற்கு வந்தே அறிவர்; 3/60 அளவினரோ, பிறர்க்கு 60 மீட்டரில் தெரிவதை 3 மீட்டரில் நின்றே காண்பர்.

கண்ணில்லாதார்க்குக் கல்வி புகட்டும் பள்ளிகள் நம் நாட்டில் 1887-இல் அமிர்தசரஸிலும், 1890-இல் பாளையங்கோட்டையிலும் தொடங்கப்பெற்றன. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், ஐம்பது அறுபது வயதிற்குமேல் கண் மங்கினார் எந்தப் பள்ளிக்குச் செல்வர்? மேற்குறித்த சட்டமோ, பொதுக் கட்டடங்களும் பேருந்துகளும் எல்லார்க்கும் ஏற்றவாறு அமையவேண்டும் என்று விதிக்கின்றது. தனியார் வீட்டின் அடுக்களைக்குள்ளும் குளியலறைக்குள்ளும் அது புகுவதில்லை. ஆதலின் இவ்விஷயத்தில் கடமை முழுதும் வீட்டார் தலைமேலேயே நிற்கின்றது.

மங்கல் என்று ஒரு சொல்லாற் கூறினும் அதன் வகை பல. விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றார்க்கு, நேரே நோக்கும் பொருள் மறைந்து, சுற்றிலும் உள்ளவை தெரியும். அவர் இடறாமல் நடப்பர், ஆனால் எதிர்ப்பட்டாரின் முகத்தை அறியார். கண்ணழுத்த நோய் முற்றினார்க்கு இதற்கு நேர்மாறாகப் பக்கப்பார்வை சுருங்கி, குழலின் வழியே நோக்குவதுபோல் நடுவிடம் மாத்திரம் தெரியும். அவர் ஊசியில் நூல் கோப்பர், வழியிற் கிடக்கும் உரலில் இடறி விழுவர். நீரிழிவினால் விழித்திரை கெட்டார்க்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுக்கள் காட்சியை மறைக்கும். இவ்வேறுபாடுகளை அறியாதார், "ஊசி தெரிகிறதாம், உரல் தெரியவில்லையாம்; எல்லாம் பாசாங்கு" என்று பேசக் கேட்டிருக்கின்றோம். கண் மங்கினார்க்கு அச்சொல்லினும் கொடியது வேறில்லை.

ஆகவே, வீட்டைத் தொடுமுன் கண் வைத்தியரை அடுத்து நோய் இன்னதென அறிதல் வேண்டும். கண்புரை ஒன்றே காரணமாயின், அறுவைச் சிகிச்சையாற் பார்வை பெரும்பாலும் மீளும். அதனைச் செய்யாது விளக்கையும் வர்ணத்தையும் மாற்றிக்கொண்டு காலங்கழித்தல் பேதைமை. கண்ணழுத்த நோயில் இழந்த பார்வை மீளாதெனினும், விடாது மருந்திடுவதால் எஞ்சியதைக் காக்கலாம். வைத்தியர் தம் தொழிலை முடித்த இடத்திலேதான் வீட்டார் தொழில் தொடங்குகின்றது.

அத்தொழிலுக்கு முதல் தடையாய் நிற்பது ஒரு பழைய நம்பிக்கை. மங்கிய கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும், வேலை கொடுத்தால் உள்ளதும் தேய்ந்துபோம் என்பதே அது. இதனைக் கல்லாதார் கூற்றென்று தள்ளுதற்கில்லை. மேனாட்டுக் கல்வியாளரும் ஒரு காலத்தில் இதனையே நம்பினர். 1908-இல் லண்டனிலும், 1913-இல் பாஸ்டனிலும், பார்வை குன்றிய சிறுவர்க்கெனத் தனி வகுப்புக்கள் தொடங்கப்பெற்றன. எஞ்சிய பார்வையைச் செலவிடாமற் சேமித்தல் அவ்வகுப்புக்களின் நோக்கமாக இருந்தது. 1964-இல் நாட்டலி பராகா என்னும் அமெரிக்க அம்மையார், பார்வை மிகக் குறைந்த சிறுவர்க்குப் பார்த்தற்கென்றே பயிற்சி கொடுத்து ஆராய்ந்து, பயிற்சியினால் அவர்கள் தம் கண்ணை முன்னிலும் திறமையாகப் பயன்படுத்தினர் என்று எழுதினார். அதன் பின்னர்ப் பழங்கொள்கை கைவிடப்பட்டது. பார்வை செலவிடச் செலவிடக் குறையும் பொருளன்று என்பது இப்பொழுது தெளிந்த உண்மை. நம் வீடுகளில் மாத்திரம் அப்பழங்கொள்கை இன்னும் குடியிருக்கின்றது.

கணிதம் பயிலும் மாணவர் ஆய்லர் என்னும் பெரியாரை அறிவர். அவர்க்கு ஒரு கண் இளமையிலேயே கெட்டது. 1766-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்திற்கு மீண்ட பின்னர் மற்றைக் கண்ணும் மங்கிற்று. அதன்பின் அவர் கற்பலகையின்மேல் சுண்ணக்கட்டியாற் பெரிய எழுத்துக்கள் எழுதியும், உடனிருந்தார்க்கு வாயாற் சொல்லியும் தம் ஆராய்ச்சியை நடத்தினார். அவர் வாழ்நாளில் இயற்றியவற்றுள் ஏறக்குறையப் பாதி அக்காலத்தில் தோன்றியவை என்பர். அவரை நாற்காலியில் அமர்த்தி, "ஐயா, இனி ஓய்வு கொள்ளுங்கள்" என்று வீட்டார் சொல்லியிருந்தால் உலகம் இழந்திருப்பது எவ்வளவு! கருமையின்மேல் வெண்மை, அதுவும் பெரிதாக என்னும் அந்தக் கற்பலகையின் விதியே யாம் பின்னர்க் கூறப்போகும் திருத்தங்களுட் பலவற்றிற்கும் அடிப்படை.

இனி எம் இல்லத்து நிகழ்ச்சியைக் கூறுவோம். எம் தந்தையாரின் தமக்கையார் எம்மோடு வாழ்பவர். இளமையிலேயே கணவரை இழந்து வந்து, நாற்பதாண்டுக் காலம் எம் வீட்டின் அடுக்களையை ஆண்டவர். விடியுமுன் எழுந்து, டிகாஷன் இறக்கி, மற்றையோர் எழுமுன் தாம் ஒரு டம்ளர் காப்பியைப் பின்கட்டுப் படியில் அமர்ந்து பருகுவது அவர் வழக்கம். 71-ஆம் வயதில் அவர்க்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுதுற்றது. வைத்தியர்கள் செய்யக்கூடியதைச் செய்து, இனி இவ்வளவே பார்வை என்று கூறிவிட்டனர். அவ்வாண்டே யாம் வீட்டைப் புதுப்பித்தோம். பழைய சிவப்புச் சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டுப் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் பதித்தோம்; சுவர்க்கும் கதவுக்கும் வெண்மையே பூசினோம்; அலமாரிகளையும் பாத்திரங்களையும் இடம் மாற்றினோம். அத்தையார்க்கு முன்னறையில் புதுக் கட்டிலிட்டு, "அத்தை, இனிமேல் நீங்கள் அடுப்படிப் பக்கமே வரவேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னாற் போதும்" என்று கூறினோம். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. அதனை இசைவென்று யாம் கொண்டோம்.

ஒருநாள் அந்திவேளையில் அவர் பின்கட்டிற்குச் செல்லும்போது விழுந்து, மணிக்கட்டு முறிந்தது. கூடத்திற்கும் பின்கட்டிற்கும் இடையே ஒரு படி இறக்கம். பழைய வீட்டிலும் அது உண்டு. ஆனால் அப்பொழுது கூடம் சிவப்பு, பின்கட்டுக் கருங்கல். புது வீட்டில் இரண்டும் ஒரே வெண்மையாதலின், அவர் கண்ணுக்குப் படி இருந்ததாகவே தோன்றவில்லை. "ஏன் அத்தை, ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று யாம் சினந்துகொண்டோம். அதற்கு அவர், "எத்தனை தடவைதான் கூப்பிடுவது தம்பி? இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை. விருந்துக்கு வந்தவள் மாதிரி இருக்கிறேன்" என்றார்.

கை தேறிய பின்னர், ஒரு கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவிற்கு அவரை அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம்பெண் ஒருவர், எழுத்து அட்டையைக் காட்டுமுன், "அம்மா, வீட்டில் நீங்களே செய்யவேண்டுமென்று ஆசைப்படுகிற வேலை எது?" என்று வினவினார். அத்தையார் சிறிதும் தயங்காமல், "காலையில் என் காப்பியை நானே போட்டுக் குடிக்கவேண்டும்" என்றார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த எமக்கு அவ்வினாவைக் கேட்க ஒருநாளும் தோன்றவில்லை. அன்று தொடங்கி அந்தக் காப்பியை முன்னிட்டே வீட்டைத் திருத்தலானோம். அதனாற் கற்றவற்றை ஒளி, நிற வேற்றுமை, ஒழுங்கு என்னும் மூன்றனுள் அடக்கலாம்.

முதலாவது ஒளி. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகின்றது. உள்ளிருக்கும் வில்லை மஞ்சள் நிறம் அடைகின்றது. 20 வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே 60 வயதினர்க்கு எட்டுகின்றது. நோயற்ற கண்ணின் கணக்கே இது. ஆதலின், நமக்குப் போதும் வெளிச்சம் அவர்க்குப் போதாது. அதற்காக மோட்டுவளையில் பெரிய விளக்கொன்றை ஏற்றிவிட்டு மனநிறைவு அடைதல் தகாது. பௌதிகம் பயில்வோர், ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும் என்று படிக்கின்றனர். ஆனால் அதனை வீட்டிற்கு எடுத்துச் செல்வோர் சிலரே. 8 அடி தொலைவில் உள்ள விளக்கை 2 அடிக்கு அருகே கொண்டுவந்தால், அதே விளக்கு 16 மடங்கு ஒளி தரும். மின்சாரச் செலவோ ஒரு காசும் கூடாது. வளையும் கழுத்துள்ள சிறு மேசை விளக்கொன்றை வேலை செய்யும் இடத்திற்கு அருகே, கண்ணிற் படாமல் பக்கத்திலிருந்து ஒளி விழுமாறு வைத்தலே சிறந்தது.

ஒளி வேறு, கண்கூச்சம் வேறு என்பதும் நினைவில் இருத்தற்குரியது. பளபளக்கும் தரையில் சன்னலின் வெயில் பட்டுத் தெறிப்பின், மங்கிய கண் பின்னும் மங்கும். மெல்லிய திரை ஒன்று இதற்குப் போதும். கண் மங்கினாரைச் சன்னலுக்கு எதிர்முகமாய் அமர்த்தாமல், சன்னல் அவர்க்குப் பக்கத்திலோ பின்னோ இருக்குமாறு அமர்த்துக. அவரோடு பேசுவாரும் சன்னலைத் தமக்குப் பின்னாக வைத்து நின்றால், அவர் முகம் கரிய நிழலாகவே தோன்றும். வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் செல்லும்பொழுது, நல்ல கண்ணும் முழுதும் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிஷம் வரை ஆகின்றது. மங்கிய கண்ணுக்கு அதனினும் கடினம். ஆதலின் ஓர் அறை பேரொளியும் அடுத்த அறை காரிருளுமாய் இருத்தல் தீது. இரவில் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, தரையையொட்டிச் சிறு விளக்குகள் எரிதல் வேண்டும்.

இரண்டாவது நிற வேற்றுமை. நம் முன்னோர் இலையில் உண்டனர். பச்சை இலையின்மேல் வெண்சோறு மங்கிய கண்ணுக்கும் நன்கு தெரியும். எவர்சில்வர் தட்டிலும் வெள்ளைப் பீங்கானிலும் அதே சோற்றை இட்டால், ஓரத்திற் கிடக்கும் பருக்கைகளை அவர் காணார். காணாது விட்டதைக் கண்டு, பசி இல்லைபோலும் என்று வீட்டார் தட்டை எடுத்துவிடுவர். அடர்ந்த நீலத் தட்டொன்று இக்குறையை நீக்கும். மோரைக் கறுத்த குவளையிலும், காப்பியை வெள்ளைக் கோப்பையிலும் வார்த்தால், எவ்வளவு நிறைந்தது என்பது விளங்கும். வெள்ளைச் சுவரில் உள்ள வெள்ளைச் சுவிட்சுப் பலகையைச் சுற்றிக் கரிய பட்டை ஒட்டுக. குளியலறையில் வெள்ளைத் தரைமேல் வெள்ளை வாளியும் வெள்ளைச் செம்பும் வேண்டாம். சிவப்போ நீலமோ ஆகுக. கைப்பிடிக் கம்பியும் சுவரின் நிறத்தினின்று வேறுபட்டிருத்தல் நலம். எல்லாவற்றினும் இன்றியமையாதது படி. ஒவ்வொரு படியின் விளிம்பிலும், ஒரு முனை முதல் மறுமுனை வரை, இரண்டு விரற்கடை அகலத்தில் நிறம் மாறிய பட்டை இருக்கவேண்டும். அது வழுக்காத சொரசொரப்பும் உடையதாயின் காலும் அதனை அறியும். 1967-இல் ஜப்பான் நாட்டு ஒகயாமா நகரில், மியாகே செய்யிச்சி என்பார் முதன்முதல் தெருவிற் பதித்த மேடுபள்ளக் கற்கள் இன்று நம் ரயில் நிலையங்களிலும் காணப்படுகின்றன. அவை பெரும்பாலும் மஞ்சளாய் இருத்தல், முற்றும் கண்ணில்லாதார்க்காக அன்று, குறைபார்வையினர் காண்பதற்கே.

மூன்றாவது ஒழுங்கு. இதற்குப் பணம் சிறிதும் வேண்டா. ஆனால் மூன்றனுள்ளும் அரியது இதுவே. எப்பொருளும் எடுத்த இடத்தில் மீள வைக்கப்படல் வேண்டும். கதவு முற்றும் திறந்திருக்கவேண்டும், அல்லது முற்றும் மூடியிருக்கவேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றியைப் பிளக்கும். அரிவாள்மணையை நிமிர்த்தியவாறு விட்டுச்செல்லலாகாது. நடைவழியில் செருப்பும், குடமும், கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பியும், சிறுவரின் விளையாட்டுப் பொருள்களும் கிடத்தல் கூடாது. நாற்காலியை ஓரடி நகர்த்தினும் அவரிடம் சொல்லிவிட்டே நகர்த்துக. நமக்கு அஃது ஓரடி. அவர்க்கோ அவர் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் வீட்டின் படமே அழிந்ததாகும். எம் அத்தையார் விழுந்ததற்கு வெள்ளைத் தரை பாதிக் காரணம். கேளாமல் வீட்டை மாற்றிய எம் செயல் மற்றைப் பாதி.

இனி அந்தக் காப்பிக்கு வருவோம். எரிவாயு அடுப்பின் திருகில், அணைந்திருக்கும் நிலைக்கும் சிறுதீ நிலைக்கும் நேராக, நெற்றியில் இடும் ஒட்டுப்பொட்டுக்களை ஒட்டினோம். விரல் தடவிய அளவில் நிலை தெரியும். பகல் வெளிச்சத்தில் நீலச் சுடர் நல்ல கண்ணுக்கே எளிதிற் புலப்படாது. ஆதலின் எரிவாயுவின் ஓசையைச் செவியாற் கேட்டு அறிய அவர் பழகினார். கரிய கல்மேடையில் பால் காய்ச்சும் பாத்திரம் வைக்கும் இடத்தில் வெள்ளைத் தட்டொன்று பரப்பினோம். சிந்தினாலும் அதனுள்ளே அடங்கும். சர்க்கரை உருண்டைச் சம்படத்திலும், உப்புச் சதுரச் சம்படத்திலும் ஆயின. காப்பித்தூளுக்கு மூக்கே போதும் என்று அவரே சொல்லிவிட்டார். காலை மாத்திரைப் பெட்டிக்கு ஒரு ரப்பர் வளையமும், இரவு மாத்திரைப் பெட்டிக்கு இரண்டும் இட்டோம். கூடத்துப் படியில் மஞ்சட் பட்டை ஒட்டினோம். இவை அனைத்திற்கும் ஆன செலவு ஒரு மின்விசிறியின் விலையைத் தாண்டவில்லை.

இதற்குத் தடை கூறுவார் சிலர். "வயதான காலத்தில் அவர்க்கு ஏன் அடுப்படி வேலை? அமர்த்தி வைத்துச் சோறு போடுவதன்றோ பிள்ளைகளின் கடமை?" என்பது முதல் தடை. தாமே வேண்டிக் கொள்ளும் ஓய்வு இன்பம். பிறர் கொடுக்கும் ஓய்வோ தண்டனை. இளமை முதல் பிறர்க்கு உணவு இட்ட கைக்கு, ஒரு டம்ளர் காப்பிக்கும் மருமகளின் வரவை எதிர்நோக்கும் நிலை எத்தகையது என்பதை அவ்விடத்தில் நின்று எண்ணுவார்க்கே அது விளங்கும். வேலை போனபின் வீட்டில் அவர் சொல்லும் போகின்றது. இன்ன குழம்பு வைக்கலாம் என்று சொல்லும் உரிமை, கரண்டி பிடிக்கும் கையோடு கூடியே இருந்துவந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

"தீயோடு விளையாடலாமா?" என்பது இரண்டாம் தடை. ஆபத்து உண்மையே, அதனை யாம் மறைக்கவில்லை. எண்ணெய்ச் சட்டியில் பொரிக்கும் வேலையை எம் அத்தையார் தாமே விட்டுவிட்டார். எதனைச் செய்யலாம், எதனை விடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடத்தே இருந்தமையால் அது அவர்க்குத் தோல்வியாகத் தோன்றவில்லை. ஆபத்தை முன்னிட்டு வேலை முழுதையும் பறிப்பதினும், வேலையினின்று ஆபத்தைப் பிரித்து எடுப்பதே அறிவுடைமை. அன்றியும், அடுப்படிக்கு வரவிடாமற் காத்த எம் வீட்டில் அவர் விழுந்தது அடுப்படியில் அன்று என்பதையும் நினைக்க.

"வீட்டின் அழகு கெடும்" என்பது மூன்றாம் தடை. வெளிப்படச் சொல்வோர் சிலராயினும் உள்ளத்தில் எண்ணுவோர் பலர். எம் உறவினர் ஒருவர், "இவ்வளவு செலவழித்துப் போட்ட தரையில் இதென்ன மஞ்சட் கோடு?" என்று நகைத்தார். வாசற்படிக்கு மஞ்சள் பூசி அழகு கண்ட நாட்டில் இக்கேள்வி எழுதல் வியப்பே. வெள்ளைத் தரையும் வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கதவும் பார்க்க வருவார்க்கு அழகாய் இருக்கலாம்; ஆனால் வருவார் ஒரு நாழிகை இருந்து போவர், வாழ்வார் நாள்தோறும் அதன்மேல் நடக்கவேண்டும். புது வீடு கட்டும் பழைய மாணவரும், கட்டடத் தொழிலில் இருப்போரும் இதனைக் கருதுவாராக. தரைக்கு மெருகு குறைந்த ஓட்டையும், படிக்கு வேற்று நிறத்தையும் முதலிலேயே தேர்ந்தெடுத்தால், பின்னர்ப் பட்டை ஒட்டவேண்டிய தேவையே இராது. வாடகை வீட்டில் இருப்போர், எளிதில் உரிக்கத்தக்க ஒட்டுப்பட்டையாற் காரியத்தை முடித்துக்கொள்ளலாம்.

இம்மலரைக் கையில் எடுக்கும் அன்பருள்ளும் எழுத்துக்கள் மங்கித் தெரிவோர் சிலர் இருப்பர். அவர்க்கு ஒரு சொல். பலர் தம் குறையை மறைக்கின்றனர். வேலைகளைப் பிறர் பறித்துவிடுவர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சம் வீண் என்று சொல்ல எமக்கு வாயில்லை. ஆயினும் மறைத்தலால் இடறலே மிகும். எனக்கு இது தெரிகின்றது, இது தெரியவில்லை, இந்த வேலையை யானே செய்ய விரும்புகின்றேன் என்று மூன்றையும் ஒருங்கே வீட்டார்க்குக் கூறுக. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கும் வகையும், படித்துச் சொல்லும் வகையும் இப்பொழுது உண்டு. அவற்றைக் கற்றுக்கொடுக்குமாறு இளையோரைக் கேட்பதில் இழிவு யாதும் இல்லை.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு இல்லம் செல்லும்பொழுது, ஓர் அந்திவேளையை இதற்கென ஒதுக்குங்கள். விளக்கேற்றிய பின்னர், உங்கள் பாட்டியாரோ பாட்டனாரோ நடக்கும் வழியெல்லாம் அவரோடு நடந்து பாருங்கள். எந்தப் படியில் அவர் கால் தயங்குகின்றது, எந்தச் சுவரை அவர் கை தேடுகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு அருகில் அமர்ந்து, அவர் தாமே செய்ய விரும்பும் வேலை யாதென்று கேளுங்கள். விடை சிறியதாகவே இருக்கும்: ஒரு டம்ளர் காப்பி, காலைச் செய்தித்தாள், துளசிக்குத் தண்ணீர், பேத்திக்குச் சடைபின்னல். அச்சிறு வேலைக்கு வேண்டும் விளக்கையும் நிறத்தையும் ஒழுங்கையும் அமைத்துக்கொடுங்கள். அமைக்குமுன் அவரைக் கேளுங்கள். அமைத்தபின் அவரைக் கேளாமல் மாற்றாதிருங்கள்.

எம் அத்தையார்க்குப் பார்வை மீளவில்லை, மீளப்போவதும் இல்லை. ஆனால் விடியுமுன் அடுக்களையில் பாத்திரத்தின் ஓசை மறுபடியும் கேட்கின்றது. பின்கட்டுப் படியில், மஞ்சட் பட்டைக்குச் சற்று மேலே அமர்ந்து, அவர் தம் காப்பியைத் தாமே ஆற்றிப் பருகுகின்றார். சில நாட்களில் எமக்கும் ஒரு டம்ளர் கிடைக்கின்றது. சர்க்கரை சிறிது கூடுதல். அதைப்பற்றி யாம் முறையிடுவதில்லை. கண் மங்கினார் உள்ள ஒவ்வோர் இல்லத்திலும், அவர் விருந்தினராய் அன்றி வீட்டாராகவே வாழும் நிலை உண்டாகவேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.